மலாயாப் போரில் மோதிய இரு துப்பாக்கிகள்

மலாயாப் போரைப் பற்றிப் பாடம் நடத்தும்போது ஜப்பானியரின் மிதிவண்டியைக் குறிப்பிடாத ஆசிரியர் இல்லை. ஆனால், அவ்வீரர்களின் தோளில் தொங்கிய துப்பாக்கியைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. எதிரெதிர் அணியினர் ஏந்திய இரண்டு துப்பாக்கிகளை இப்பதிவில் ஒப்பிட விழைகிறேன்.

பிரிட்டிஷ், இந்தியப் படையினர் ஏந்தியது லீ என்ஃபீல்டு. ஜப்பானியக் காலாட்படையின் நெடுநாளைய துணை அரிசாகா 38ஆம் வகை. மெய்ஜி ஆட்சியின் 38ஆம் ஆண்டான 1905இல் ஏற்கப்பட்டதால் அதற்கு அப்பெயர். இரண்டும் ஏறத்தாழ 4 கிலோ எடையுள்ளவை. ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் கைப்பிடியை உயர்த்திப் பின்னிழுத்து, மீண்டும் முன்தள்ள வேண்டும். ஒற்றுமை அத்துடன் முடிகிறது.

லீ என்ஃபீல்டின் நீளம் 113 செ.மீ. அதில் 10 தோட்டாக்கள் அடங்கும். அதன் தாழ் குறைந்த தூரமே நகர்வதால், தேர்ந்த வீரர் நிமிடத்திற்கு 15 முறை குறி தவறாமல் சுட முடிந்தது. வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையிலும் இத்துப்பாக்கி உருவானது.

அரிசாகாவின் நீளமோ 128 செ.மீ. முனையில் கத்தியைப் பொருத்தினால் 166 செ.மீ. ஆகிவிடும், ஏந்திய வீரர் பலரைவிட அது உயரமானது! தோட்டாக்கள் ஐந்துதான். ஆயினும், 6.5 மி.மீ. தோட்டாவின் மருந்து நீண்ட குழலுக்குள்ளேயே பெரும்பாலும் எரிந்துவிடுவதால், முனையில் தீப்பொறி குறைவு. தோளில் உதைப்பதும் குறைவு. காட்டில் மறைந்திருந்து சுடுபவனுக்கு இது பெரும் வசதி.

வேகத்தில் லீ என்ஃபீல்டே சிறந்தது என்பது என் கருத்து. அப்படியானால் அதனை ஏந்தியவர்கள் தோற்றது ஏன்?

விடை கம்பாரில் இருக்கிறது. 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை, 11ஆவது இந்தியப் பிரிவு அங்குள்ள குன்றுகளில் ஜப்பானியரைத் தடுத்து நிறுத்தியது. இழந்த நிலையை மீட்கச் சீக்கிய வீரர்கள் முனைக்கத்தியுடன் பாய்ந்தனர். காலாட்படை அங்குத் தோற்கவில்லை. ஆனால், ஜப்பானியர் மேற்குக் கரையில் கடல்வழியே இறங்கிப் பின்புறத்தை அச்சுறுத்தியதால், படை பின்வாங்க நேர்ந்தது. ஜனவரி 7ஆம் நாள் சிலிம் ரிவரில் டாங்கிகள் பாதுகாப்பு அரணை உடைத்தன. வானும் ஜப்பானியர் வசமே இருந்தது. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது.

சரணடைந்தோரின் ஆயுதங்கள் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. இந்திய தேசிய இராணுவத்திற்குப் பெரும்பாலும் பிரிட்டிஷாரிடம் கைப்பற்றிய ஆயுதங்களே வழங்கப்பட்டன. 1943இல் நேதாஜியின் அழைப்பை ஏற்ற நம் தோட்டப்புறத் தமிழர்கள், பேரரசைக் காக்கச் செய்யப்பட்ட துப்பாக்கிகளை அப்பேரரசுக்கு எதிராகவே ஏந்தினர்.

துப்பாக்கியின் அளவுகளை அருங்காட்சியகத்திலும் அறியலாம். அதனைத் தூக்கிச் சென்ற தோட்டத் தொழிலாளியின் பெயரோ பாடநூலில் இல்லை. உங்கள் இல்லத்து முதியோர் அக்காலத்தைப் பற்றிக் கூறியவை நினைவிலிருந்தால், அவற்றை உடனே எழுதி வையுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.