பத்து வருஷக் கோட்டையும் நானூறு வருஷப் பாட்டும்

புளியந்தோப்புல சாவு வீட்டுக் கானா கேட்டு வளர்ந்தவன் நான். லிஸ்பனின் ஃபாடோ பாட்டை முதல்தடவை கேட்டப்போ வார்த்தை ஒண்ணும் புரியலை. ஏக்கம் மட்டும் புரிஞ்சுது. அதுக்கு அவங்க வைத்த பெயர் 'சவுதாத்'. இழந்ததையோ கைக்கு எட்டாததையோ நினைத்து உருகுவது.

இந்த ஏக்கத்தில் கொஞ்சமாவது நம்ம கரையில் ஒதுங்கியிருக்குமா என்று தேடினேன். சாந்தோமில் 1520களிலேயே போர்த்துகீசியர் குடியேறிவிட்டார்கள். ஆனால் தமிழுக்கு அவர்கள் தந்தது ஜன்னல், அலமாரி, மேசை, சாவி, ஏலம். வீட்டுச் சாமானும் வியாபாரமும்தான். காதலுக்கு ஒரு வார்த்தைகூட வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

காதல் தங்கியது மட்டக்களப்பில். அங்கே போர்த்துகீசியர் கோட்டை கட்டியது 1628இல். ஒல்லாந்தர் அதைப் பிடித்தது 1638இல். பத்தே வருஷம்! ஆனால் அங்குள்ள பறங்கியர் இன்னும் கிரியோல் போர்த்துகீசியம் பேசுகிறார்கள். தெருவில் தமிழ், கல்யாணத்தில் வயலினோடு கஃப்ரிஞ்ஞா ஆட்டம்.

19ஆம் நூற்றாண்டில் ஹியூ நெவில் என்ற ஆங்கிலேய அதிகாரி சேர்த்த பாட்டுச் சுவடி இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. டேவிட் ஜாக்சன் 1990இல் இந்தப் பாட்டுகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பெரும்பாலும் நாலு வரிப் பாட்டு. ஒருத்தர் சீண்ட, இன்னொருத்தர் பதில் சொல்ல, நம்ம எசப்பாட்டு மாதிரி. 'சிங்கெலெ நோனா' என்ற பாட்டின் உறவுக்காரப் பாட்டு மலாக்காவிலும் உண்டு. நோனா என்றால் சீமாட்டி. அதே மட்டக்களப்பு வயல்களில் தமிழரும் முஸ்லிம்களும் பாடிய காதல் 'கவி'களும் நாலு வரிதான். யார் யாரிடம் கற்றார்கள் என்று சண்டை போட எனக்கு இஷ்டமில்லை.

நான் தேடிய வழியே தப்பு என்பது பிறகுதான் உறைத்தது. ஃபாடோ 19ஆம் நூற்றாண்டு லிஸ்பனின் ஏழைத் தெருக்களில் உருவானது. அதன் முதல் புகழ்பெற்ற பாடகி மரியா செவெரா 1846இல், 26 வயதில் இறந்தார். மட்டக்களப்புக்காரர்களின் முன்னோர் கப்பலேறியபோது ஃபாடோவே கிடையாது. இந்தப் பாட்டுகளில் அழுகையைவிட சீண்டல் அதிகம்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இலக்கணம். லிஸ்பன்காரர் பசித்தால் 'பசி வைத்திருக்கிறேன்' என்ற அமைப்பில் சொல்வார். மட்டக்களப்பில் அது 'எனக்குப் பசி இருக்கு' என்று ஆகிவிட்டது. வார்த்தை போர்த்துகீசியம், எலும்பு தமிழ். உணர்ச்சி என்பது நாம் கையில் வைத்திருக்கும் பொருளல்ல, நமக்கு வந்து சேர்வது. கானாவிலும் 'எனக்கு' வலிக்கும், அவ்வளவுதான்!

2004 சுனாமி அங்கே டச்சுபார் பகுதியை அடித்துக்கொண்டு போனது. பறங்கியர் பலர் இறந்தார்கள். லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்டோசோவும் உடன் வேலை செய்தவர்களும் மிச்சமிருக்கும் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்திருக்கிறார்கள். வீட்டில் இப்போது பிள்ளைகள் பெரும்பாலும் தமிழ்தான் பேசுகிறார்கள்.