கணக்குச் சாலையும் ஏட்டுச் சுவடியும்

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. இதைச் சொல்லிச் சிரியாதவர் இல்லை. தம் பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம் வேண்டாமென்பவரும் இல்லை. சங்கத்து இளைஞர்களாகிய நாமும் பட்டத்தின்பின் நியமனக் கடிதத்தை எதிர்பார்த்திருப்பவர்களே. ஆயினும், வயிற்றுக்கு ஒரு தொழிலும் நெஞ்சுக்கு ஒரு தொழிலுமாக வாழப் புகுந்தால் இரண்டும் கெடுமோ என்னும் ஐயம் எம்மிற் பலர்க்கு உண்டு. அவ்வையத்தோடு சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களின் வரலாற்றை நோக்கினோம்.

1832 ஆம் ஆண்டு பிறந்த பிள்ளையவர்கள் அமெரிக்க மிஷனாரின் வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்றவர். மிஷன் பாடசாலையிற் படித்த எம்போன்றோர்க்கு இதிலே சிறிது பெருமையுண்டு, மூத்தோர் பொறுத்தருள்வாராக. சென்னைக்குச் சென்று ‘தினவர்த்தமானி’ப் பத்திரிகையை நடத்தினார். 1857 இற் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பீ. ஏ. பட்டதாரிகளாகத் தேறிய இருவரும் யாழ்ப்பாணத்தவரே: ஒருவர் விசுவநாதபிள்ளை, மற்றவர் இவர்.

அவருக்கு வாய்த்ததோ கணக்கு. கள்ளிக்கோட்டையிற் சிறிது காலம் ஆசிரியராயிருந்தபின், சென்னை அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்குச் சாலையிற் சேர்ந்து மேற்பார்வைப் பதவிவரை உயர்ந்தார். 1871 இற் பி. எல். பரீட்சையிலுந் தேறினார். 1882 இல் இளைப்பாறினார்.

உள்ளமோ ஏடுகளிற் கிடந்தது. பழைய ஏட்டைப் பதிப்பிப்பதென்றால் என்ன? மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமா ஏகாரமா என்று எழுத்தைப் பார்த்துத் துணிய முடியாது. ஒரு பிரதியில் இருப்பது மறு பிரதியில் இராது. ஊரூராய்ப் பிரதி தேடி, வரிவரியாய் ஒப்புநோக்கி, பொருள் கண்டு பாடம் துணிய வேண்டும். தம்படி பிழையாமற் கணக்குப் பார்த்த கண் இதற்கு உதவியிருக்குமென்பது எம் எண்ணம். இவ்வேலைக்குச் சம்பளம் கொடுப்பார் அன்று எவருமிலர். ஏடு தேடவும் அச்சிடவும் கைப்பொருள் வேண்டும். அதைத் தந்தது உத்தியோகமே. மூத்தோர் இதைக் கேட்டு மகிழலாம்.

ஆனால் ஆண்டுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாவலர் பரிசோதித்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையம் 1868 இல் அவர் முயற்சியால் வெளிவந்தது. அடுத்து வீரசோழியம் வந்தது 1881 இல். இடையே பதின்மூன்று ஆண்டுகள்! இளைப்பாறியபின்போ 1883 இல் இறையனாரகப்பொருள், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887 இற் கலித்தொகை, 1889 இற் சூளாமணி என நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. அப்போதும் சும்மா இருந்தவரல்லர். கும்பகோணத்தில் வழக்கறிஞராகவும், புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாகவும் உழைத்துக்கொண்டே பதிப்பித்தார். கணக்குச் சாலை அவருக்குச் சோறு போட்டது. அவருடைய நடுவயதை வாங்கிக்கொண்டது. மனிதன் இளைப்பாறும் நாளை எதிர்பார்த்திருக்கலாம். செல்லுக்கும் கறையானுக்கும் அந்தப் பொறுமை இல்லை. தொட்டால் ஒடியும் ஏடுகளைக் கண்டு அவர் தம் பதிப்புரையிற் புலம்பியதன் காரணம் இதுவே.

1901 ஜனவரி முதலாந் தேதி அவர் காலமானார். எட்டுத்தொகை நூல்களுள் அவர் கையால் அச்சேறியது கலித்தொகை ஒன்றே.