பூ இழந்த தட்டும் பேர் வெட்டிய சொம்பும்

என் அலமாரியில் இரண்டு சாமான்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று, ராஜபாளையத்தில் பழைய வீடு இடித்தபோது மர பீரோவோடு வந்த இங்கிலீஷ் பீங்கான் தட்டு. மற்றது, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பாத்திரக்கடையில் எடைத் தராசு வரைக்கும் போய் மீண்ட பித்தளைச் சொம்பு. இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ்ஸில் அரை மணி நேரம். இரண்டு சாமானுக்கும் ஒரே வயது.

வயதை அவையே சொல்கின்றன. தட்டைக் கவிழ்த்தால் அடியில் ஜி.ஆர். என்ற எழுத்தும் மகுடமும் 1942 என்ற ஆண்டும். ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலத்துப் பட்டாளத் தட்டு அது. சொம்பின் கழுத்தடியில் சிற்றுளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திய இரண்டு இனிஷியல்கள், பக்கத்தில் ‘சித்திரபானு’. அந்தத் தமிழ் வருஷம் 1942 ஏப்ரலில் பிறந்தது. தட்டு யாருக்காகச் செய்யப்பட்டது என்று சொல்கிறது. யார் சாப்பிட்டார் என்று சொல்லாது. சொம்பு யாருடையது என்று சொல்கிறது. செய்த கன்னார் யார் என்று சொல்லாது.

யுத்தம் இரண்டையும் தொட்டது. இங்கிலாந்தில் அது முதலில் பூவைப் பறித்தது. 1942 முதல் உள்நாட்டு விற்பனைக்கு அலங்காரமில்லாத சாமான்தான் என்று அரசு உத்தரவு. பூப்போட்டதும் தங்க விளிம்பு வைத்ததும் கப்பலேறி டாலர் சம்பாதிக்க வேண்டும். பீங்கானுக்குப் பேர்போன ஸ்டோக்-ஆன்-ட்ரென்டில் பல பட்டறைகளின் வேலையைச் சிலவற்றில் சேர்த்துவிட்டு, மிச்சப்பட்ட ஆட்களை யுத்த வேலைக்கு அனுப்பினார்கள். கைப்பிடி வைக்காத கோப்பைகள்கூட விற்பனைக்கு வந்தன. சாமானின் அடியில் ஏ, பி, சி என்று விலைப் பிரிவு எழுத்து விழுந்தது; சேகரிப்பவர்கள் இன்று முதலில் தேடுவது அந்த எழுத்தைத்தான். வுட்ஸ் கம்பெனியின் ‘பெரில்’ வகையில் மேலே எந்தச் சித்திரமும் இல்லை. மண்ணிலேயே வெளிர்பச்சை கலந்திருந்தது. ராஜபாளையத்துக்காரரான குமாரசாமி ராஜா 1952 ஏப்ரலில் சென்னை மாநில முதல்வர் பதவியிலிருந்து இறங்கியபோதும் லண்டன் வீடுகளில் வெள்ளைத் தட்டுக் காலம் முடியவில்லை. அந்த ஆகஸ்டில்தான் தடை நீங்கியது.

இங்கே யுத்தம் உலோகத்தில் கைவைத்தது. 1940-ல் வெள்ளி ரூபாயில் வெள்ளி பாதியானது. 1943-ல் காலணாவின் நடுவில் ஓட்டை விழுந்தது. சொம்புக்கு வந்த சோதனை வேறு. புளியும் மோரும் பட்டால் பித்தளையில் களிம்பு ஏறும். அதற்காக உள்ளே வெள்ளீயம் பூச வேண்டும். உலகத்திலேயே அதிகமாக வெள்ளீயம் எடுத்த மலாயா 1942 பிப்ரவரிக்குள் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. ஸ்டோக்கில் பூ நின்ற அதே வருஷம், ஈயம் பூசுகிறவரின் சரக்குக்கும் முட்டுக்கட்டை விழுந்தது. துருத்தி ஊதி, பாத்திரத்தைக் காயவைத்து, நவச்சாரத்தைத் தூவி, ஈயக்குச்சியைத் தொட்டுப் பஞ்சால் ஓர் இழுப்பு இழுத்தால் உட்புறம் நிலாவாக மின்னும். என் சொம்பின் உள்ளே அந்தப் பூச்சு இப்போது பாதிக்கு மேல் போய்விட்டது. அடியில் பித்தளை மஞ்சள், பக்கவாட்டில் திட்டுத் திட்டாக ஈய வெள்ளை.

மதிப்பிலும் இரண்டும் எதிரெதிர். ஆசாரம் பார்த்த வீடுகளில் பீங்கான் அடுக்களைக்குள் நுழையாது. மண்தானே, எச்சில் பட்டால் போகாது என்பார்கள். ஊறுகாய் ஜாடிக்கு மட்டும் விதிவிலக்கு. கப்பும் சாசரும் வந்துபோகிற ஆபீசர்களுக்காக முன்கட்டு அலமாரியோடு சரி. பித்தளையோ சீராக வந்தது, அடகுக்குப் போனது, பாகப்பிரிவினையில் எண்ணப்பட்டது. ஆகையால் இன்று பித்தளைதான் நிறைய மிஞ்சியிருக்கும் என்று நினைத்துத்தான் நான் தேடக் கிளம்பினேன்.

கணக்குத் தப்பியது. உடையாத சாமானுக்கு எமன் தராசு. எவர்சில்வர் வந்ததும் வீடு வீடாகப் பித்தளையைப் போட்டு அதை வாங்கினார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று விலை இருக்கிற வரைக்கும் எந்தச் சொம்பும் உலைக்குப் போகலாம். போனால் பேரும் வருஷமும் சேர்ந்து உருகும். கை தவறினால் போச்சு என்ற பீங்கானுக்கு அந்த ஆபத்து இல்லை. அதை உருக்க முடியாது, எடைக்கு வாங்குவாரில்லை. வேண்டாம் என்று மூலையில் போட்டதால் தட்டு தப்பியது. விலை இருந்ததால் சொம்பு அழிந்தது.

இரண்டையும் சோதிக்கும் முறையும் வேறுதான். தட்டை விரல் நுனியில் ஏந்திச் சுண்டினால் நல்ல தட்டு கணீரென்னும்; விரிசல் விட்டது ‘டப்’ என்று செத்த குரலில் பேசும். சொம்புக்குக் காதைவிடக் கட்டைவிரல் முக்கியம். எழுபது எண்பது வருஷம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததில் புள்ளிகள் மழுங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத எழுத்து விரலுக்குத் தட்டுப்படும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்காரர் சொம்பை எடைபோட்டு விலை சொன்னார். கொஞ்சம் கூடக் கொடுத்தேன். “எடைக்கு மேல எதுக்கு சார்?” என்றார். எழுத்தைக் காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டு, தராசுக்கு அடியில் இருந்த சாக்கை இழுத்து அவிழ்த்தார். “இதுலயும் பேர் வெட்டுனது கிடக்கும், பாருங்க.”