தர்மம், தாலி, கூலி

'தர்மம்' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் புழங்குகிறது. செய்தே தீரவேண்டிய கடமை ஒன்று. கோயில் வாசலில் 'தர்மம் போடுங்க சாமி' என்று கேட்கப்படுவது மற்றொன்று. முதலாவதில் செய்பவருக்குக் கட்டாயம் இருக்கிறது. இரண்டாவதில் கொடுப்பவர் மனசுதான் எல்லாம். வாங்குகிறவர் கணக்குக் கேட்க முடியாது. சமய மதிப்பீடுகளைக் கொண்டு தொழிற்சாலையை அறவழியில் நடத்தலாம் என்று சொல்லப்படும்போது, எந்த தர்மம் பேசப்படுகிறது என்று நாம் கேட்டாக வேண்டும்.

நவீன இந்தியாவில் இந்தச் சொல்லாடலைத் தீவிரமாக முன்வைத்தவர் காந்தி. செல்வம் முதலாளியிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு, அவர் அதன் சொந்தக்காரர் அல்ல என்றார். கீதையின் அபரிக்கிரகத்தை விளங்கிக்கொள்ள ஆங்கிலச் சட்டப் படிப்பு தமக்கு உதவியதாகவும் எழுதினார். தமிழில் இது தர்மகர்த்தா முறை எனப்பட்டது. பெயர்ப்பில் ஒரு வேடிக்கை உண்டு. கோயில் தர்மகர்த்தாக்களின் மனசாட்சியை மட்டும் நம்பினால் போதாது, வரவு செலவைச் சட்டம் கேட்க வேண்டும் என்று 1920களிலேயே சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சி அறநிலையச் சட்டம் கொண்டுவந்தது. சாமி சொத்துக்கே தணிக்கை வந்துவிட்ட நாட்டில் மில் சொத்துக்கு மனசாட்சி போதும் என்பதா?

காந்தியின் நடைமுறை அவருடைய கோட்பாட்டைவிடக் கறாரானது. 1918இல் அகமதாபாத் மில் தொழிலாளர்கள் 35 விழுக்காடு கூலி உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் 20க்கு மேல் வரவில்லை. வேலைநிறுத்தம், காந்தியின் உண்ணாவிரதம், பிறகு நடுவர் தீர்ப்பு என்று போய்த்தான் 35 கிடைத்தது. ஆலை முதலாளிகளின் தலைவர் அம்பாலால் சாராபாய் காந்திக்கு வேண்டியவர், தொழிலாளர் பக்கம் நின்ற அனசூயாவின் தம்பி. அவ்வளவு இருந்தும் வேலைநிறுத்தம் தேவைப்பட்டது.

திருப்பூருக்கு இந்த விவாதம் கதர் வழியாக வந்தது. 1925இல் தொடங்கிய அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுப் பணிகளுக்குத் திருப்பூர் மையமாக இருந்தது. நூற்கும் பெண்களுக்கு எட்டு மணி நேரத்துக்கு எட்டணா கிடைக்க வேண்டும் என்று 1935இல் காந்தி வற்புறுத்தியபோது, விலை ஏறிவிடும், கதர் விற்காது என்ற ஆட்சேபணை இயக்கத்துக்குள்ளிருந்தே எழுந்தது. புனிதத் துணிக்கும் கூலிக் கணக்கு கசந்தது.

பனியன் கம்பெனிகளின் காலத்தில் அறத்தின் மொழி மாறியது. ஒரு காலத்தில் தொழிலாளிகளாக இருந்த கவுண்டர்கள் பலர் முதலாளிகளானதையும், தங்கள் 'உழைப்பை'யே அவர்கள் மூலதனமாகச் சொல்லிக்கொண்டதையும் ஷரத் சாரி 2004இல் வெளியான நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 'நானும் டேபிள்ல உக்காந்தவன்தான்' என்கிற முதலாளியிடம் ஒன்றரை ஷிப்ட் பற்றி என்ன முறையிடுவது? பஞ்சப்படிக்காக 1984இல் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. ஆயுதபூஜைக்குப் பொரியும் தீபாவளிக்குப் போனசும் தருவது முதலாளியின் பெருந்தன்மையாகவே பேசப்படுகிறது. போனஸ் சட்டப்படியான உரிமையாகி 1965 முதல் கணக்குப் போட்டால் அறுபது ஆண்டு.

இந்த வரிசையின் உச்சம் சுமங்கலித் திட்டம். 1990களின் இறுதியிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் நூற்பாலைகளில் பரவியது. வறண்ட மாவட்டங்களின் ஏழைப் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதிகளில் வைக்கப்பட்டார்கள். முடிவில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று ஒரு தொகை. அது திருமணத்துக்கு முதலாளி தரும் சீர் போலச் சொல்லப்பட்டது. உண்மையில் அவர்களுடைய கூலியிலிருந்து மாதாமாதம் நிறுத்திவைத்த பணம். இடையில் நோயோ விபத்தோ வந்து வெளியேறினால் தொகை போச்சு. விடுதியை விட்டு வெளியே போகவும் வீட்டாரிடம் பேசவும் கட்டுப்பாடு. இவற்றையெல்லாம் 2011இல் நெதர்லாந்து அமைப்புகளின் அறிக்கை உலகச் சந்தைக்கு எடுத்துச் சொன்னது.

பெயரைக் கவனியுங்கள். சுமங்கலி என்பவள் கணவன் உயிரோடிருக்கும் மனைவி. கல்யாணமே ஆகாத பெண்ணின் பஞ்சு படிந்த உடலை நாளைய தாலியின் பேரால் நிர்வாகம் இன்று ஆள்கிறது. பூட்டிய கதவுக்கு 'கற்புக்குப் பாதுகாப்பு' என்று பெயர். பெற்றோரும் அதை நம்பினார்கள். வரதட்சணை 1961லேயே சட்டவிரோதம். அந்தச் சட்டவிரோதத்துக்குச் சேமிப்பதே இங்கே தொழில் நலத்திட்டமாயிற்று. மதிப்பீடு பொய்யாக இருந்ததால் இது நடந்தது என்று சொல்ல முடியாது. அந்தப் பெண்களும் அவர்கள் வீட்டாரும் அதை உண்மையாகவே மதித்தார்கள். அதனால்தான் அது சங்கிலியாகப் பயன்பட்டது.

சமயத்தில் அறமே இல்லை என்பது என் வாதமல்ல. கூலியை மறுப்பது பாவம் என்ற உணர்வு எல்லா மதத்திலும் இருக்கிறது. உழைப்பவர்கள் அதைச் சொல்லியும் போராடியிருக்கிறார்கள். அந்த அறத்தை விளக்கும் அதிகாரம் யார் கையில் என்பதே பிரச்சினை. தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் 2022இல் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தோடும் பன்னாட்டு வணிக நிறுவனத்தோடும் திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. பாலியல் வன்முறைக்கும் சாதிப் பாகுபாட்டுக்கும் எதிரான அந்த ஒப்பந்தம் மீறினால் கேள்வி கேட்கக்கூடியது. அதில் எந்தத் தெய்வத்தின் பெயரும் தேவைப்படவில்லை. தர்மம் என்ற சொல்லின் முதல் பொருள், கேட்டு வாங்கக்கூடிய கடமை என்ற பொருள், அங்கேதான் இருக்கிறது.