இருதரப்புப் பார்வையும் மூன்றாம் தரப்பும்
பிரசன்ன விதானகேயின் திரைப்படங்கள் பற்றிய ஒரு மலையக நோக்கு

போர் பற்றிய திரைப்படங்களிற் பெரும்பாலானவை ஒரு தரப்பின் பாசறையில் நின்று எடுக்கப்பட்டவையே. இதற்கு விலக்காக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவன, அமெரிக்க நெறியாளர் கிளின்ட் ஈஸ்ட்வுட் 2006 இல் அடுத்தடுத்து வெளியிட்ட இரு படங்களாகும். 1945 பெப்ரவரி 19 முதல் மார்ச் 26 வரை இவோஜிமாத் தீவில் நிகழ்ந்த சமரை, ஒன்று அமெரிக்கப் படையினரின் நிலையிலிருந்தும் மற்றையது ஜப்பானியப் படையினரின் நிலையிலிருந்தும் காட்டின. இரண்டாம் படம் பெரிதும் ஜப்பானிய மொழியிலேயே அமைந்தது. அதனால், பகைவனுக்கும் வீடும் மொழியும் அச்சமும் உண்டென்பதை வென்றவர் நாட்டுப் பார்வையாளர் காண நேர்ந்தது.

ஆயின் இம்முயற்சிக்குச் சாதகமான வரலாற்றுச் சூழல் ஒன்று இருந்தமையை நாம் மறத்தலாகாது. அங்கு மோதியவை இரு அரசுகளின் படைகள். தீவின் குடிமக்கள் 1944 இலேயே பெரும்பாலும் வெளியேற்றப்பட்டுவிட்டனர். படங்கள் வெளிவந்தபோது அறுபது ஆண்டுகள் கடந்திருந்தன. இம்மூன்றும் இலங்கைக்குப் பொருந்தா. இங்கே போர் குடிமக்களின் நடுவே நடந்தது. 2009 மே மாதத்தில் அது முடிந்த பின்னரும் அதன் காயங்கள் ஆறவில்லை. ஆகவே இங்குள்ள கலைஞன் இரு தரப்பையும் நோக்குதல் வேறொரு பணியாகின்றது.

அப்பணியை மேற்கொண்டவர்களுள் சிங்கள நெறியாளர் பிரசன்ன விதானகே முதன்மையானவர். 1997 இல் அவர் உருவாக்கிய 'புரஹந்த களுவர', முத்திரையிட்ட சவப்பெட்டியில் வந்த மகனின் சாவை நம்ப மறுக்கும் பார்வையற்ற கிராமத்துத் தந்தை ஒருவரைப் பற்றியது. வறிய சிங்களக் கிராமங்களின் இளைஞரே படைக்கு ஆளாயினர் என்ற வர்க்க உண்மை அதில் அழுத்தமாக வெளிப்படுகின்றது. 2003 இல் வெளிவந்த 'இர மதியம', காணாமற்போன விமானியைத் தேடும் சிங்களப் பெண், விடுமுறையில் வந்த படைவீரன், புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பத்துச் சிறுவன் ஆகிய மூவரின் கதைகளை அருகருகே வைத்தது.

2012 இல் வெளிவந்த 'ஒப நதுவ ஒப எக்க' நமக்கு மிக நெருக்கமானது. தஸ்தயேவ்ஸ்கியின் 1876 ஆம் ஆண்டுச் சிறுகதையொன்றைத் தழுவிய அப்படத்தின் களம் தேயிலை நாடு. முன்னாட் படைவீரனான சிங்கள அடகுக்கடைக்காரன் ஒருவனும், சகோதரர்களைப் போரில் இழந்து வடக்கிலிருந்து வந்த செல்வி என்ற தமிழ்ப்பெண்ணும் மணம் செய்துகொள்கின்றனர். அவனது கடந்தகாலம் வெளிப்படுகையில் போர் வீட்டுக்குள் நுழைகின்றது. இருவரின் துயரும் காட்டப்படினும், கொடுப்பவன் அவன், கேட்டு நிற்பவள் அவள் என்ற ஏற்றத்தாழ்வு மறைக்கப்படவில்லை. இரு தரப்பையும் காட்டுதல் என்பது இரண்டையும் ஒரே நிறையாக நிறுத்தல் அன்று என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இப்பார்வைக்குக் கிடைத்த எதிர்வினை வரலாற்று முக்கியத்துவம் உடையது. 'புரஹந்த களுவர'வின் திரையிடலை இலங்கை அரசு 2000 இல் தடுத்தது. 2001 இல் உயர் நீதிமன்றமே அத்தடையை நீக்கியது. 2014 ஜூனில், எதிர்ப்பு மிரட்டல்கள் காரணமாக 'ஒப நதுவ ஒப எக்க' சென்னைத் திரையரங்குகளிலிருந்து விலக்கப்பட்டது. கொழும்பில் அரசும், சென்னையில் தமிழரின் பெயரால் எதிர்த்தோரும் ஒரே நெறியாளரின் படங்களைத் தடுத்தமை, இருதரப்புத் தேசியவாதமும் அஞ்சுவது ஒன்றையே என்பதைக் காட்டுகின்றது.

எனினும் தலவாக்கலையை அடுத்த லிந்துலையில் நின்று நோக்குமிடத்து மற்றொரு வினா எழுகின்றது. படத்தின் களம் மலையகமாயினும், அதன் மையத்தில் நிற்பவர்கள் வடக்கின் போரைச் சுமந்து வந்தவர்களே. அடகுக்கடைப் படியேறுதல் லயத்து வாழ்வின் அன்றாட அனுபவம். நகையை வைத்து மகளைப் படிப்பித்தவரும் மருந்து வாங்கியவரும் இங்கு பலர். அவர்களின் வரலாறு எத்தரப்பின் கணக்கிலும் அடங்குவதில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. 1977 ஆம் ஆண்டு வன்செயலுக்கு அஞ்சி வன்னிக்குப் பெயர்ந்த தோட்டக் குடும்பங்களைப் போர் அங்கும் தொடர்ந்தது. மலையில் எஞ்சிய இளைஞரைப் பயங்கரவாதத் தடைச்சட்டம் தேடி வந்தது. 2000 ஒக்டோபர் 25 இல் பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவ முகாமில் தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டபோது, அதன் பதற்றம் தலவாக்கலை வரை பரவிற்று.

விதானகே இக்குறையை உணர்ந்தார் எனக் கொள்ளுதற்கு அவரது 2023 ஆம் ஆண்டுப் படமான 'பரடைஸ்' இடமளிக்கின்றது. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் நடுவே மலைநாட்டுக்கு வரும் இந்தியத் தம்பதியரின் பொருள்கள் களவுபோக, தோட்டத் தொழிலாளர் பொலிசாரால் பிடிக்கப்படுகின்றனர். முன்னைய படத்தில் பின்னணியாயிருந்தோர் இங்கே பலியாவோராக முன்னே வருகின்றனர். ஆயினும் அவர்கள் மீது விழுவது பிறர் பார்வையே. அவர்களின் பார்வையிலிருந்து உலகம் இன்னும் காட்டப்படவில்லை.

இருதரப்புப் பார்வை ஒரு முன்னேற்றம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயின் தரப்புக்கள் இரண்டே என்று முன்கூட்டி முடிவுசெய்யும் வரலாறு, எத்தரப்பிலும் நில்லாது அடிபட்டோரை மீண்டும் ஒருமுறை நாடற்றோராக்கும். அவர்களின் வாய்மொழிகளைத் திரட்டும் பணி வரலாற்று மாணவரையும் கலைஞரையும் ஒருங்கே சார்ந்தது. அவ்வனுபவங்களை உடையோர் முதுமையெய்தி மறைந்துவருகின்றனர் என்பதால், அப்பணியை இனியும் தள்ளிப்போடுதல் தகாது.