மிச்சம் பிடித்த கம்பி

எங்கள் வீட்டுக் கணிப்பொறிக்குச் சென்ற மாதம் இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள் வாங்கினோம். ஜோடி 400 ரூபாய். அந்த விலைக்கு அவை வாயைத் திறந்ததே பெரிது என்றுதான் சொல்ல வேண்டும். பாட்டு வைத்தோம், பாட்டும் வந்தது, பாட்டுக்கு அடியில் ஒரு வண்டின் ரீங்காரமும் வந்தது. சாதாரண வண்டு அல்ல. மவுஸை நகர்த்தினால் 'கிர்ர்' என்று கத்தும். கையை எடுத்தால் பழைய சுருதிக்குத் திரும்பிவிடும்.

மின்சார வேலை தெரிந்தவர் ஒருவரை அழைத்தேன். "எல்லாம் எர்த் செய்கிற கோளாறு, சார்!" என்றார். கணிப்பொறியின் பிளக்கில் இருந்த மூன்று கால்களில் பெரிய காலை அறுத்து எறிந்துவிட்டு, கூலியையும் வாங்கிக்கொண்டு போனார். வண்டு அசைந்து கொடுக்கவில்லை. மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி கணிப்பொறியின் இரும்புக் கூட்டைத் தொட்டாள். "தாத்தா, இது கடிக்கிறது!" என்று கையை உதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

எனக்கு உடம்பு வெலவெலத்துவிட்டது. அந்த மூன்றாவது கால் அழகுக்காக வைத்தது அல்ல. 230 வோல்ட் மின்சாரம் உள்ளே எங்காவது காப்பு விட்டுக் கூட்டில் ஏறினால், தொட்ட குழந்தையின் உடம்பு வழியாகப் போகாமல் மண்ணுக்குப் போவதற்கு ஏற்பட்ட வழி அது. அன்றே கடைக்கு ஓடிப் புதிய கம்பி வாங்கி மாட்டினேன். ஆனாலும் அந்த மனிதர் சொன்னதில் ஒரு பழைய வாசனை இருந்தது. இரைச்சலுக்காகப் பூமியைக் குற்றம் சாட்டுகிற வழக்கு நேற்று முளைத்தது அல்ல. அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போய் வந்த வழக்கு.

மின்சாரத்துக்கு ஒரு குணம் உண்டு. புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வர வழி இருந்தால்தான் அது புறப்படும். ஆகவே முதலில் தந்திக்குப் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்று போட்டார்கள். 1838-ல் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் என்ற விஞ்ஞானி, இரு முனையிலும் ஓர் உலோகத் தகட்டை மண்ணில் புதைத்துவிட்டால் திரும்பி வரும் வேலையைப் பூமியே பார்த்துக்கொள்ளும் என்று காட்டினார். தந்திக்காரர்களுக்குக் கொண்டாட்டம்! பாதிக் கம்பி மிச்சம். பூமாதேவி கூலியா கேட்கப் போகிறாள்?

1876-ல் கிரஹாம் பெல்லின் டெலிபோன் பிறந்தபோது, அதுவும் தந்தியின் ஒற்றைக் கம்பியையே சுவீகரித்துக்கொண்டது. தந்தி முரட்டுக் குழந்தை. 'கட்டுக் கட' என்று தட்டினால் போதும். டெலிபோனோ மிக மெல்லிய மின்னோட்டத்தையும் காதுக்குச் சொல்லிவிடுவது. பெல்லின் உதவியாளர் தாமஸ் வாட்ஸன் 1926-ல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். பாஸ்டன் நகரத்தின் கூரைகளுக்கு மேல் ஓடிய அரை மைல் கம்பியில் டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு இரவு நேரங்களில் உட்கார்ந்திருந்ததை அதில் சொல்கிறார். யாரும் பேசவில்லை. ஆனால் சடசடப்பு, உராய்வு, பறவைக் குஞ்சு கீச்சிடுவது போன்ற ஓசை எல்லாம் கேட்டனவாம். சூரியனில் ஏதோ வெடிக்கிறதோ என்று கூட அவர் யோசித்திருக்கிறார். மின்னலும் பூமியைச் சுற்றியுள்ள வெளியும் எழுப்புகிற அலைகள் அவை என்று இன்று கருதுகிறார்கள். மின்சார விளக்கும் டிராமும் ஊருக்குள் வராத காலம். ஆகவே வானத்தின் சத்தம் சுத்தமாகக் கேட்டிருக்கிறது. அப்படி ஓர் இரவு இனி எந்த நகரத்துக்கும் வாய்க்காது.

வாட்ஸனுக்கு இன்பமாக இருந்தது சந்தாதாரர்களுக்குத் துன்பமாயிற்று. பக்கத்துத் தந்திக் கம்பியின் தட்டல் பேச்சுக்கு நடுவே புகுந்தது. அடுத்த கம்பியின் வம்பும் புகுந்தது. இதற்கு மருந்து கண்டவரும் பெல்தான். 1881-ல் அவர் பெற்ற ஒரு காப்புரிமை, இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிப் போடுவதைப் பற்றியது. தெருவில் ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் நிழல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனும் தம்பியும் பத்தடிக்கு ஒரு முறை பக்கம் மாறி நடந்தால் இருவர் மேலும் ஒரே அளவு வெயில் படும். முறுக்கிய கம்பிகளும் அப்படியே. வெளித் தொல்லை இரண்டின் மேலும் சமமாக விழுகிறது. காதுக்குக் கேட்பதோ இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். சமமானவை ஒன்றை ஒன்று கழித்துவிடுகின்றன.

மருந்து கிடைத்தது, வாங்கத்தான் மனம் வரவில்லை. இரண்டு கம்பி என்றால் இரண்டு மடங்கு செலவல்லவா? 1884-ல் பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே பேசியபோது செம்புக் கம்பிகள் இரண்டு போட்டார்கள். ஊருக்குள் ஒற்றைக் கம்பியை விட்டபாடில்லை.

அப்போது வந்தது டிராம். 1888-ல் ரிச்மண்ட் நகரத்தில் பிராங்க் ஸ்பிரேக் மின்சார டிராமை ஓட்டிக் காட்டியதும் ஊர்தோறும் அது பரவியது. டிராமும் அதே சிக்கன புத்தியோடு, தலைக்கு மேல் ஒரே கம்பி வைத்து, மின்சாரத்தைத் தண்டவாளத்திலும் மண்ணிலும் திருப்பி அனுப்பியது. ஒரே மண்ணில் யானையும் எறும்பும்! வண்டி கிளம்பும்போதெல்லாம் டெலிபோன்கள் உறுமின. சின்சினாட்டி நகரத்து டெலிபோன்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1891-ல் ஓஹையோ மாகாண உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: தெரு முதலில் மக்கள் போய் வருவதற்கே உரியது, அதற்காக ஓடும் டிராமைத் தடுக்க முடியாது. டெலிபோன்காரர்கள் தோற்றார்கள். எனக்கு அவர்கள்மேல் இரக்கம் வரவில்லை. பத்து வருஷங்களாகக் கையில் இருந்த மருந்தைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்த வீட்டுக்காரன்மேல் பிராது கொடுத்தவர்கள் அவர்கள். பிறகு ஊர் ஊராக இரண்டாவது கம்பியைப் போட்டார்கள்.

இதையெல்லாம் எண்ணிக்கொண்டே என் 400 ரூபாய்ப் பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தேன். அவற்றுக்கு இரண்டு வால்கள். ஒன்று பாட்டைக் கொண்டு வருவது. மற்றது கணிப்பொறியின் யூ.எஸ்.பி. துளையிலிருந்து மின்சாரம் கொண்டு வருவது. போகும் வழிகள் வேறு. ஆனால் திரும்பும்போது இரண்டும் ஒரே பாதையில் கலக்கின்றன. கணிப்பொறி மவுஸின் அசைவைக் கணக்குப் பண்ணும் அமளியும் அந்தப் பாதையில்தான். சின்சினாட்டியின் டிராம் என் மேஜைமேல் ஓடிக்கொண்டிருந்தது!

மின்சார வாலைக் கணிப்பொறியிலிருந்து பிடுங்கி, சும்மா கிடந்த கைபேசிச் சார்ஜரில் சொருகினேன். அதற்கு இரண்டே கால். கணிப்பொறியோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ரீங்காரம் சட்டென்று நின்றது. இதற்கும் மசியாத பெட்டிகள் உண்டு. அவற்றுக்குப் பாட்டு வரும் கம்பியின் நடுவே மாட்டுகிற சின்ன மின்மாற்றிப் பெட்டி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. பாட்டைக் காந்தத்தின் மூலம் அக்கரைக்கு அனுப்பிவிட்டு, கம்பித் தொடர்பை அது துண்டித்துவிடும். பழைய கைபேசியைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் வருகிற 'டிர்ர்-டிட்-டிட்' வேறு ஜாதி. விநாடிக்கு 217 தடவை அது வானொலி அலையை விட்டு விட்டு வீசுவதால் எழுவது. கைபேசியை நாலடி தள்ளி வைத்தால் போதும்.

பேத்தி வந்து மவுஸை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தாள். பெட்டியில் காதை வைத்துக் கேட்டாள்.

"வண்டு எங்கே, தாத்தா?" என்றாள். அவளுக்கு அது கொஞ்சம் பிடித்திருந்தது போலிருக்கிறது.