ஊருக்கு மார்க் பிறந்த கதை

1994 செப்டம்பர். தபதி ஆற்று வெள்ளம் வடிந்த சூரத்தில் சேறும் குப்பையும் செத்த கால்நடைகளும் அப்படியே கிடந்தன. சில நாட்களில் காய்ச்சலும் இருமலுமாக ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். ஒழிந்தே போனதென்று நாடு நம்பியிருந்த ஒரு நோயின் பெயரை டாக்டர்கள் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள்.

பிளேக்! ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். லட்சக்கணக்கானோர் கிடைத்த ரயிலில் ஏறி ஓடினார்கள். பல நாடுகள் இந்தியாவுக்கான விமானங்களை நிறுத்தின. வைரமும் ஜவுளியும் கொழித்த ஊர் வெறிச்சோடிப் போனது. அப்படிப்பட்ட ஊருக்கு 1995-ல் ஒரு புதிய மாநகராட்சி கமிஷனர் வந்து சேர்ந்தார்.

அவர் எஸ்.ஆர்.ராவ். நகரை ஆறு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரியைப் பொறுப்பாக்கினார். ஏசி அறையில் இருந்தவர்கள் தினமும் தெருவில் இறங்கி நின்றார்கள். குப்பை கொட்டியவர்களுக்கு அபராதம் விழுந்தது. இரண்டே ஆண்டுகளில், சண்டிகருக்கு அடுத்த தூய்மையான நகரம் என்று சூரத் பெயர் வாங்கியது. ஓர் ஊர் மாறியது கண்ணுக்குத் தெரிந்தது. மற்ற ஊர்களை எதை வைத்து அளப்பது?

விடை கிடைக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. 2008-ல் தேசிய நகர்ப்புறச் சுகாதாரக் கொள்கை வந்தது. 2010-ல் 423 நகரங்களுக்கு நூற்றுக்கு மார்க் போட்டார்கள். 90-க்கு மேல் வாங்கினால் பச்சை. பிறகு நீலம், கறுப்பு, சிவப்பு. பட்டியல் வெளியானபோது பச்சையில் ஒரு நகரம்கூட இல்லை!

முதலிடம் வந்த சண்டிகரே நீலத்தில்தான் நின்றது. மைசூரும் சூரத்தும் அதன் பின்னே. அதைவிடப் பெரிய குறை வேறொன்று இருந்தது: அந்தத் தெருக்களில் குடியிருப்பவர்களின் வாய்ச்சொல்லுக்கு அதில் தனி மார்க் கிடையாது.

2016-ல் ஒரு புதிய சர்வேயில் அந்தக் கதவு திறந்தது. 73 நகரங்கள், 2,000 மதிப்பெண். நகராட்சி தரும் கணக்குக்கு 1,000, நேரில் பார்ப்பதற்கு 500, மக்கள் கருத்துக்கு 500. மைசூர் முதலிடம், நம் திருச்சிக்கு மூன்றாமிடம். 25-வது இடத்தில் கிடந்த இந்தூரை அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

அடுத்த ஆண்டே 434 நகரங்களில் இந்தூர் முதலிடம்! அதன் பிறகு ஆண்டுதோறும் ஊர்கள் காத்திருக்கும் ரேங்க் பட்டியலாக அது ஆகிவிட்டது. அதுதான் 'ஸ்வச் சர்வேக்‌ஷன்'.

இனி நம் ஊருக்கு வருவோம். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. பல்லாவரம் நகராட்சியோடு நம் கீழ்க்கட்டளையும் அதற்குள் வந்தது. அதனால் இங்கே ஒரு தெருவில் தேங்கும் குப்பையும் தாம்பரத்தின் மார்க்கில் சேரும்.

கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் உபரிநீர் நாராயணபுரம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு. மழைநீர்க் கால்வாயில் இங்கே வீசிய பிளாஸ்டிக் பை அந்த வழியெல்லாம் பயணம் செய்யும். காகிதக் கணக்குக்கு இது தெரியாது. கால்வாய் ஓரத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். மக்கள் கருத்துக்கு மார்க் ஒதுக்கியது அதற்காகத்தான். சர்வேக்காரர் வந்து கேட்கும்போது குப்பை வண்டி வந்த நாளையும் வராத நாளையும் உள்ளது உள்ளபடி சொல்வதே ஊருக்குச் செய்யும் நன்மை.